புறாமலையும் புலம்பலும்

"புறாமலை முன்னர்போல் இல்லை" என்னும் கூற்று, இன்று குச்சவெளிப் பிரதேசத்திலும் திருகோணமலை நகரிலும் மட்டுமன்றி, விடுமுறைக்கு வந்து திரும்பும் கொழும்புக் குடும்பங்களிடையேயும் புலம்பெயர்ந்தோர் வீட்டு விருந்துகளிலும் தவறாது கேட்கும் புலம்பலாகிவிட்டது. முழங்காலளவு நீரிலேயே முருகைக் காடு தெரிந்ததாம். இப்பொழுது உடைந்த கொப்புகள் மணலிற் கிடக்கின்றனவாம். சுறாக் குட்டிகள் காலருகே வட்டமிட்டனவாம். இப்பொழுது மனிதக் கால்களே ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு வட்டமிடுகின்றனவாம். புறாமலையிற் புறாவைத் தேடவேண்டியிருக்கிறதாம். போதாக்குறைக்கு நுழைவுச்சீட்டு, படகுக் கூலி, நீர்மூழ்கிக் கண்ணாடிக்கு வாடகை. கொடுத்த காசுக்குப் பெறுமதி இல்லையாம்.

கடைசியில் வருகின்ற அவ்வொற்றை வாக்கியம் ஏனைய அனைத்தின் உட்கிடையையும் காட்டிக்கொடுத்துவிடுகிறது. புலம்புவோர் ஒரு கடலை இழந்தவராகப் புலம்பவில்லை. காட்சிப் பட்டியலிற் சில காட்சிகள் முன்னறிவித்தலின்றி நிறுத்தப்பட்டுவிட்டன எனக் கண்டு ஏமாந்த வாடிக்கையாளராகவே புலம்புகின்றனர். களியாட்டப் பூங்காவொன்றிலே பழைய இராட்டினத்தைக் கழற்றிவிட்டார்கள், சிற்றுண்டியின் சுவை குறைந்துவிட்டது, வரிசை நீண்டுவிட்டது என்று கூறும் முறைப்பாட்டுக்கும் இதற்கும் சொற்களில்தான் வேறுபாடு உண்டு. இழப்பு உண்மையானது, அதனை மறுப்பாரில்லை. ஆனால் அவ்விழப்பைக் காணும் கண் எத்தகையது என்ற வினாவை எழுப்பாமல் புறாமலையைப் பற்றிப் பேசுவது வீண்.

புறாமலை, அல்லது புறாத்தீவு, நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவில் உள்ள இரு பாறைத் தீவுகளாகும். பெரிய தீவே ஏறத்தாழ 200 மீற்றர் நீளமும் 100 மீற்றர் அகலமும் கொண்டது. அதன் உச்சி 45 மீற்றரைத் தொடாது. மாடப்புறாக்கள் அதன் பாறையிடுக்குகளிற் கூடுகட்டி வாழ்ந்தமையால் இப்பெயர் பெற்றது. 1963ஆம் ஆண்டு சரணாலயமாகவும் 2003ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. பூங்காவின் பரப்பு சுமார் 471 ஹெக்டேயர். அதில் மிகப் பெரும்பகுதி நீரே. அந்நீரினுள்ளே நூறளவான முருகை இனங்களும் முந்நூறளவான மீனினங்களும் பதிவாகியுள்ளன. கருநுனிச் செட்டைச் சுறாவும் கடலாமைகளும் அங்குண்டு. வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்து கடல் தெளியும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களே மக்கள் பெருந்தொகையாகச் செல்லும் காலமாகும்.

இவ்வரலாற்றிலே இரு சொற்கள் கவனத்துக்குரியவை. 1963இல் அது 'சரணாலயம்'; 2003இல் 'பூங்கா'. சட்டத்தின்படி நோக்குமிடத்து இது பதவியுயர்வு. சரணாலயத்தைவிடத் தேசியப் பூங்காவுக்கே வலுவான பாதுகாப்பு உண்டு. ஆனால் தமிழ்ச் செவிக்கோ நிகழ்ந்தது பதவியிறக்கம். சரணாலயம் என்னும்போது உள்ளே இருப்பது சரண் புகுந்த உயிர். வெளியிலிருந்து வருபவன் தயங்கி நிற்கவேண்டியவன். பூங்கா என்னும்போது நினைவில் எழுவன இருக்கைகள், ஊஞ்சல்கள், ஐஸ்கிறீம், ஞாயிறு மாலை. பூங்கா மக்களுக்காக அமைக்கப்பட்டது. அதிற் செடி வாடினால் தோட்டக்காரனைக் கடிந்துகொள்ளலாம். சட்டம் உயர்த்தியதைச் சொல் தாழ்த்திவிட்டது. மொழியைக் கற்போரும் கற்பிப்போரும் இத்தகைய மொழிபெயர்ப்புகளை அரசகரும மொழித் திணைக்களத்தின் தலையிற் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வது வழக்கம். அது வேறொரு கட்டுரைக்குரிய பொருள்.

களியாட்டப் பூங்காவும் முருகைப் பாரும் எத்துணை வேறானவை என்பதை விளக்க 1998ஆம் ஆண்டு ஒன்றே போதும். கலிபோர்ணியாவிலுள்ள டிஸ்னிலாண்டில், 1959இல் தொடங்கப்பட்ட நீர்மூழ்கிக் கப்பற் பயணம் என்றொரு கேளிக்கை இருந்தது. பயணிகள் சிறு சாளரங்களினூடாகச் செயற்கை முருகைகளையும் இயந்திர மீன்களையும் பார்த்துக்கொண்டு ஒரு பொய்க்கடலைச் சுற்றி வருவர். 1998 செப்டெம்பரில் அது மூடப்பட்டது. தலைமுறையொன்று கண்ணீர் சொரிந்தது. மீண்டும் திறக்குமாறு இரசிகர்கள் விடாது கேட்டனர். 2007 ஜூனில், பெயர்பெற்ற கார்ட்டூன் மீனொன்றைக் கதாநாயகனாக்கி, அதே குளத்தில் அதே பயணம் மீளத் திறக்கப்பட்டது. ஒன்பது ஆண்டுகள், கொஞ்சம் பணம், கொஞ்சம் வர்ணம். அப்பொய்க்கடல் முன்னரிலும் பளிச்சென்று மீண்டது.

அதே 1998இலே இந்து சமுத்திரத்தின் நீர் வழமைக்கு மீறி வெப்பமுற்றது. அவ்வாண்டின் வெளிறலினால் உலக முருகைப் பார்களில் ஏறத்தாழ 16 வீதம் அழிந்ததாக மதிப்பிடப்பட்டது. இலங்கையில் ஹிக்கடுவை பெரும் பலியாயிற்று. 1979இல் கடற் சரணாலயமாக்கப்பட்டு, கண்ணாடி அடித்தளப் படகுகளாற் புகழ்பெற்று, ஆழங்குறைந்த நீரிலேயே முருகைத் தோட்டத்தைக் காட்டி வந்த இடம் அது. 1998க்குப் பின்னர் அங்கு எஞ்சியதிற் பெரும்பகுதி எலும்புக்கூடு. அதற்குப் பின்னரே, 2002இல், அது தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. இறந்தவருக்குப் பட்டமளிப்பது இந்நாட்டிற் புதிதன்று. டிஸ்னிலாண்டின் செயற்கை முருகை ஒன்பதாண்டில் உயிர்த்தெழுந்தது. ஹிக்கடுவையின் இயற்கை முருகை கால் நூற்றாண்டு கடந்தும் பழைய நிலையை எட்டவில்லை. திருகோணமலைப் பார்கள் 1998இன் வெளிறலிலிருந்து பெருமளவுக்குத் தப்பிக்கொண்டன என்பதே புறாமலையை இத்துணை விலைமதிப்புள்ளதாக்கியது. தப்பிப் பிழைத்த நோயாளியின் கட்டிலைச் சுற்றி நாடே கூடிநின்று வேடிக்கை பார்ப்பது போன்றதொரு நிலைமை அதன் பின்னர் உருவாயிற்று.

முருகைக்கல் என்னும் பெயரிற் 'கல்' இருப்பதனாலோ என்னவோ, அதன்மீது காலூன்றி நிற்பதை எவரும் குற்றமாகக் கருதுவதில்லை. அது கல்லன்று, கல்லைச் சுரக்கும் உயிர்த்திரள். ஊசிமுனை போன்ற வாயையுடைய சிற்றுயிர்கள் கோடிக்கணக்கிற் கூடித் தம் அடியிலே சுண்ணாம்பைப் படிய வைக்கின்றன. அவற்றின் இழையங்களுக்குள் நுண்ணிய அல்காக்கள் குடியிருந்து, சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைத்துக் கொடுக்கின்றன. நிறத்தைக் கொடுப்பனவும் பெரும்பாலும் அவையே. கோடைகாலத்து உச்ச வெப்பநிலையைவிட ஒரு பாகை கூடிச் சில வாரங்கள் நீடித்தாலே இவ்விருந்தாளிகள் வெளியேறுகின்றன. முருகை வெளிறிப் பட்டினி கிடக்கிறது. நீர் விரைவிற் குளிர்ந்தால் அல்காக்கள் திரும்பலாம், குளிராவிடின் சாவுதான். மான்கொம்பு வகை ஆண்டொன்றுக்குப் பத்துச் சென்ரிமீற்றரும் அதற்கு மேலும் வளரும். ஆனால் எளிதில் முறிவதும் அதுவே. பாறைபோற் திரண்ட வகையோ ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றரளவே வளரும். ஓர் ஆளின் நெஞ்சுயரத்துக்கு நிற்கும் திரளொன்று நூறு வயதைத் தாண்டியிருந்தால் வியப்பதற்கில்லை. நீந்தத் தெரியாத ஒருவர் உயிர்காப்பு அங்கியோடு தத்தளித்து, களைப்பாற அதன் தலையிற் காலை ஊன்றுகிறார். அரை நிமிட இளைப்பாறல். இதில் அவர் கொடியவருமல்லர். அவருக்கு எவரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் படகேறும் அவசரத்தில் காதில் விழுந்திராது.

"வெப்பந்தான் எப்படியும் கொல்லப் போகிறதே, காலை நொந்து என்ன பயன்?" என்று கேட்கும் கெட்டிக்காரரும் உளர். 2024 ஏப்ரலில் உலகின் நான்காவது பெருவெளிறல் அறிவிக்கப்பட்டதை அவர் எடுத்துக்காட்டுவார். காய்ச்சற்காரனை அடிக்கலாகாது என்பதற்குக் காய்ச்சல்தான் காரணம். வெப்பத்தைக் குச்சவெளியிலிருந்து தணிக்க இயலாது. காலையும் நங்கூரத்தையும் குச்சவெளியிலேயே தடுக்கலாம்.

இனி, புலம்பலின் மறுபாதியான பொற்காலத்துக்கு வருவோம். முன்னர் எல்லாம் நன்றாயிருந்தது எனும்போது எந்த முன்னர்? காலனித்துவக் காலத்திலே இத்தீவு துப்பாக்கிச் சுடும் பயிற்சிக்குப் பயன்பட்டது. புறாக்களின் தொகை குறைந்த கதை அங்கேயே தொடங்கிவிடுகிறது. 1970களின் தொடக்கத்தில் முட்கிரீட உடுமீன் பெருகித் திருகோணமலைப் பார்களை அரித்தமையை ஆய்வாளர் பதிவுசெய்துள்ளனர். அதன் பின்னர் வெடிவைத்து மீன்பிடிக்கும் கேடு வந்தது. ஆழிப்பேரலை 2004 டிசெம்பர் 26இல் இக்கரையையே புரட்டிப்போட்டது. இவற்றுள் எந்த ஆண்டைப் பொற்காலமெனப் பொறிப்பது?

உண்மையில் இன்றைய புலம்பலின் பொற்காலம் பெரும்பாலும் ஒன்றுதான்: கூட்டமில்லாக் கடற்கரை. நிலாவெளியின் நெடுமணலில் ஒரு காற்சுவடுமின்றித் தனியே நடந்ததாகவும், தீவு முழுவதும் தமக்கே உரியதாயிருந்ததாகவும் நினைவுகூர்வோர் உளர். போர் முருகையைக் காத்தது என்று இன்னும் ஒருபடி மேலே போய்த் தத்துவம் பேசுவோரும் உளர். அந்த வெறுமை எங்கிருந்து வந்தது என்று இவர்கள் கேட்பதில்லை. இதே குச்சவெளிப் பிரதேசத்தின் வட எல்லையிலுள்ள தென்னமரவடி மக்கள் 1984இல் ஊரைவிட்டு வெளியேறியவர்கள்; போர் முடிந்த பின்னரே திரும்பத் தொடங்கினர். திரியாயின் வீடுகளிற் காடு வளர்ந்தது. கடலுக்கிறங்கக் கடற்படையின் அனுமதியை எதிர்பார்த்துக் கரையில் நின்றவர்கள் இறக்கக்கண்டியிலும் கும்புறுப்பிட்டியிலும் இன்றும் வாழ்கின்றனர். அவர்களது வலை காய்ந்த நாட்களைத்தான் ஒருவர் தமது இனிய தனிமையெனப் போற்றுகிறார். மனிதரை விரட்டியதனால் விளைந்த அமைதியை இயற்கையின் அமைதியென மயங்குவதைவிட இழிவான நினைவுகூரல் வேறில்லை. போர் முருகையைக் காத்தது என்பதும் அரையுண்மைதான். கண்காணிப்பற்ற கடலில் வெடிக்குத் தடையேது?

இவ்வாறெல்லாம் கூறியதும், "ஆகவே இந்தப் பழங்கதையை விட்டொழியுங்கள், முதியவர் எக்காலத்தும் அந்தக் காலந்தான் நல்லது என்பர்" எனக் கைதட்ட முன்வருவோர் பல்கலைக்கழகங்களிலேயே நிறைய உண்டு. ஏக்கம் என்பது பிற்போக்கு, பழமைவாதத்தின் நிழல் என ஒரு வாய்பாடு இங்கே நெடுநாளாக வழங்கி வருகிறது. அவ்வாய்பாடும் ஏற்புடைத்தன்று.

டானியல் போலி என்னும் மீன்வள அறிஞர் 1995இல் எழுதிய சிறு கட்டுரையொன்று இவ்விடத்து நினைக்கத்தக்கது. ஒவ்வொரு தலைமுறை ஆய்வாளனும் தான் தொழில் தொடங்கிய நாளிற் கண்ட கடலையே முழுமையான கடலென எண்ணிக்கொள்கிறான். அடுத்தவன் மேலும் குறைந்துபோன கடலிலிருந்து தொடங்குகிறான். அளக்கும் அடிக்கோடே நழுவிக்கொண்டு போவதால் இழப்பு எவருக்கும் இழப்பாகத் தெரிவதில்லை. இதற்கு மாற்றாக அவர் சுட்டியது, அறிவியல் ஒதுக்கித்தள்ளிய பழைய நினைவுகளையும் வாய்மொழிகளையும் சான்றாக எடுத்துக்கொள்ளவேண்டும் என்பதையே. கிழக்குக் கடலுக்கு இது இருமடங்கு பொருந்தும். 1956இல் இந்நாட்டில் வந்து குடியேறிய ஆதர் சி. கிளார்க் திருகோணமலைக் கடலில் மூழ்கிக் கண்டவற்றை எழுதிவைத்தார். அத்தகைய சில ஏடுகள் உண்டு. ஆனால் போர் நடந்த நீண்ட ஆண்டுகளில் ஆய்வாளர் எளிதில் வந்துபோகக்கூடிய கடலாக இது இருக்கவில்லை. அவ்விடைவெளியிற் கடலுக்குள் இருந்தவர்கள் மீனவரும் சுழியோடிகளுமே. எந்தப் பாரில் எந்த மாதத்தில் எந்த மீன் கிடந்தது, எந்த ஆண்டோடு அது நின்றுபோயிற்று என்பதை அறிந்தவர்கள் அவர்களே.

ஆகவே ஏக்கத்தில் இருவகையுண்டு என்பதை ஒப்புக்கொண்டே தீரவேண்டும். நனவிடை தோய்தல் என எஸ்.பொ. வழங்கிய சொல்லை இன்று எல்லாவற்றுக்கும் பூசிவிடுகிறார்கள். தான் துய்த்த இன்பம் மீண்டும் கிட்டவில்லையே என்பது ஒருவகை. அங்கு இருந்தது இல்லாமற் போயிற்றே என்பது பிறிதொன்று. முன்னது வாடிக்கையாளனின் முறைப்பாடு. மீண்டும் காட்சியைத் தா என்பது அதன் முடிந்த முடிபு. அக்காட்சியை அழித்ததும் அதே வேட்கைதான். பின்னது சாட்சி. நெய்தல் நிலத்துக்கு இரங்கலை உரிப்பொருளாக வகுத்த மரபிலே வந்தவர்களுக்கு இவ்வேறுபாடு விளங்காமலிருக்க நியாயமில்லை. அத்திணையில் இரங்குபவள் கடலைக் காணவந்த விருந்தாளியல்லள். அக்கரையிலேயே உப்பும் மீனும் உலரும் வெளியிலே வாழ்பவள். தமிழ்ச் சங்கங்கள் நாட்டார் பாடல்களைத் தொகுத்தன, பழமொழிகளைத் தொகுத்தன, நன்று. சல்லியிலும் குச்சவெளியிலுமுள்ள முதிய சம்மாட்டிகளிடமும் கரைவலைக்காரரிடமும் பார்களின் பெயர்களையும் மீன்களின் பெயர்களையும் ஆண்டுகளோடு எழுதியெடுக்க ஏன் ஒருவரும் புறப்படவில்லை? கலைப்பீடத்து மாணவனுக்குச் சுவாசக் குழாய் தேவையில்லை. ஒரு கொப்பியும் பொறுமையும் போதும்.

சாட்சியைக் கேட்பது என்றால் அச்சாட்சி கூறுவதன் விளைவையும் ஏற்கவேண்டும். இங்கேதான் சங்கடம். 1937ஆம் ஆண்டின் விலங்குத் தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தேசியப் பூங்காவிலே மீன்பிடிக்க முடியாது. சரியே. ஆனால் தலைமுறையாகத் தொழில் செய்த நீரிலே மீனவனுக்கு வேலி. அதே நீரிலே நுழைவுச்சீட்டு வாங்கியவனுக்கு வாசல். தூண்டில் போடுபவன் குற்றவாளி, நூறு வயதுத் திரளை மிதிப்பவன் விருந்தாளி. இந்நீதியைக் கண்ட மீனவன், பாதுகாப்பு என்ற சொல்லையே சந்தேகித்தால் அவன்மேற் பழியில்லை. அவர்களுட் சிலர் வலையை வைத்துவிட்டுச் சுற்றுலாப் படகோட்டிகளானமை இயல்பான முடிவு.

மூடுவது இயலாத காரியமன்று. தாய்லாந்தின் மாயா விரிகுடா, 2000ஆம் ஆண்டிலே வெளிவந்த ஹொலிவூட் திரைப்படமொன்றினாற் புகழடைந்து, நாளொன்றுக்கு ஐயாயிரம் பேர்வரை மிதித்த இடம். 2018 ஜூனில் அதனை மூடினார்கள். சில மாதங்களுக்கென்று மூடியது மூன்றரை ஆண்டுகளாக நீண்டது. காணாமற்போயிருந்த கருநுனிச் செட்டைச் சுறாக்கள், புறாமலையில் வாழும் அதே இனம், தாமாகவே திரும்பி வந்தன. 2022 ஜனவரியில் மீளத் திறந்தபோது படகுகள் விரிகுடாவுக்குள் நுழைய அனுமதிக்கப்படவில்லை, ஒரு வேளைக்கு 375 பேரென எல்லை வகுக்கப்பட்டது, நீந்துவது தடுக்கப்பட்டது, ஆண்டுதோறும் இரு மாதங்கள் மூடும் வழக்கமும் ஏற்பட்டது. அங்கே சென்றவர்கள் கடலிற் குளிக்க முடியவில்லையே என முணுமுணுத்திருப்பர் என்பதில் ஐயமில்லை. முணுமுணுக்கட்டும். இந்நாட்டிலேயே யாலவின் முதலாம் வலயத்தை வரட்சிக் காலத்தில் மூடுவது வழக்கமாயிருந்து வந்திருக்கிறது. யானைக்கும் சிறுத்தைக்கும் கிடைக்கும் ஓய்வு முருகைக்கு ஏன் கிடைக்கலாகாது? சத்தமிடாத உயிர் என்பதனாலா?

புறாமலையில் ஒரு நாளில் எத்தனை பேர் இறங்கலாம் என்பதை முருகையின் தாங்குதிறன் தீர்மானிக்கவேண்டுமேயன்றி, நிலாவெளிக் கரையில் நிற்கும் வரிசையின் நீளம் தீர்மானிக்கலாகாது. நீர் வெப்பமுற்று முருகை வெளிறத் தொடங்கும் வாரங்களில், அது விடுமுறைக் காலமாயினும், நீருக்குள் எவரும் இறங்கலாகாது. தீவின் மணலில் நின்று பார்த்துத் திரும்பினாற் போதும். அதற்கும் மனமில்லாதோர்க்குக் கடற்கரை முழுவதும் கிடக்கிறது. நீந்தத் தெரியாதோர் பாருக்கு மேலே போகலாகாது. இவ்வளவும் செய்தால் வருவாய் குறையும். குறைவது முதலிற் படகோட்டியின் வருவாய், விடுதிக்காரரின் வருவாயன்று. சூழலைப் பற்றி உருகி எழுதுவோர் இந்த வாக்கியத்தை எழுதாமல் நழுவிவிடுகிறார்கள். அவனுக்கு ஆண்டில் உழைப்பதற்குக் கிடைப்பது ஏறத்தாழ ஐந்து மாதங்கள். ஒக்ரோபரில் காற்றுத் திரும்பியதும் படகு கரையேறுகிறது. அயல்நாட்டவரிடம் கூடிய தொகையாக அறவிடப்படும் நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கு, தீவு மூடப்படும் நாட்களுக்கு ஈடாக, அப்படகோட்டிகளின் சங்கங்களுக்குச் சேரவேண்டும் என்று கேட்பது அதிகப்படியன்று. எந்தப் பாரில் எந்த முருகை எப்பொழுது வெளிறியது என்பதை நாள்தோறும் பார்த்துச் சொல்லக்கூடியவர்களும் அவர்களே. அவ்வேலைக்கும் அவர்களுக்குக் கூலி கொடுக்கலாம்.